பறையைக் காப்போருக்குத் துணை நிற்பது எப்படி?



இந்த ஆண்டு நினைவுரைக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் பறை. பறையின் பெருமை பற்றிப் பேசப்போவதில்லை. அதைப் பேச இப்போது ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பறையைக் காக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சில குழுக்கள் முயல்கின்றன. அவற்றுக்கு வெளியிலிருந்து துணை நிற்க விரும்பும் மாணவரும் செயல்பாட்டாளரும் எதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும் என்பதே எங்கள் பேச்சு.

இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குகிறோம். கல்லூரி மாணவர்கள் எங்களிடம் கேட்பது: "பறையைக் காப்பாத்த நாங்க என்ன செய்யலாம் தோழர்?" நம் வளவுகளில் இருக்கும் பெரியவர்கள் கேட்பது வேறு: "அதய எதுக்குங் கண்ணு காப்பாத்தோணும்? எங்கப்பன் அடிச்சான், நான் அடிச்சேன். பையன் பனியன் கம்பெனிக்குப் போறான். போகட்டும் உடுங்க." இப்படிக் கேட்கும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் இரண்டாவது கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறோம்.

அமராவதி நகரை வெளியூர்க்காரர்கள் அணைக்காகவும் முதலைப் பண்ணைக்காகவும் சைனிக் பள்ளிக்காகவும் அறிவார்கள். அணை 1950களில் எழுந்தது, பள்ளி 1962இல் வந்தது. இந்த ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைந்த ஊர்களில் பண்ணையத்துக்கு ஆள், செத்த மாட்டை எடுக்க ஆள், எழவுக்குச் சேதி சொல்ல ஆள், பாடைக்கு முன்னால் பறையடிக்க ஆள் என்று எல்லாவற்றுக்கும் கைகாட்டிய இடம் ஒன்றுதான். கொங்குப் பகுதியில் அருந்ததியரும் பறையரும் இந்த வேலைகளைச் செய்தார்கள். கூலியாகத் தானியமும், கருமாதி முடிந்த பிறகு கொஞ்சம் காசும் சாராயமும். நோம்பிக்குப் பறையடித்தவர் கோயில் வாசலுக்கு வெளியே நின்றே அடித்தார். அவர் அடித்த அடியில்தான் உள்ளே இருந்தவருக்குச் சாமி வந்தது.

ஆகவே பெரியவர் "எதுக்கு" என்று கேட்கும்போது அவர் கலையை வெறுக்கவில்லை. அந்தக் கலையோடு கட்டிவைக்கப்பட்ட கட்டாயத்தை வெறுக்கிறார். அவர் வாழ்வில் இரண்டும் தனித்தனியாக இருந்ததே இல்லை.

மறுத்தவர்களின் வரலாறு

பறை பற்றிய மேடைப் பேச்சுகள் வழக்கமாகச் சங்க இலக்கியத்தில் தொடங்கும். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமான கருப்பொருள்களில் பறையையும் சேர்த்திருக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிறது. இவை உண்மை. ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி இன்றைய மேடைக்கு வந்துவிடுகிறார்கள். நடுவில் ஓராயிரம் ஆண்டு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி தனியாக வருகிறது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று அப்போதே எல்லை போடப்பட்டுவிட்டது. கருவியின் பெயர் ஒரு மக்களின் பெயராகி, அந்தப் பெயர் வசைச்சொல்லாகி, பிறகு ஆங்கிலத்துக்கும் போய் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் உலகமெங்கும் புழங்குகிறது. தமிழ் உலகுக்குக் கொடுத்த சொற்களைப் பெருமையோடு பட்டியல் போடுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

அந்தப் பெயரை என்ன செய்வது என்பதில் நம் முன்னோர் ஒரே வழியில் போகவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரால் இழிவுபடுத்துகிறார்களோ அந்தப் பெயரிலேயே நிமிர்ந்து நின்று பேசுவது அவர் வழி. எம்.சி. ராஜா 1922இல் சென்னை சட்டமன்றத்தில் அந்தப் பெயரை நீக்கி ஆதிதிராவிடர் என்று குறிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பண்டிதர் அயோத்திதாசர் பூர்வபௌத்தர் என்றார். இந்த மூன்றில் எது சரி என்று இன்று தீர்ப்புச் சொல்வது எங்கள் நோக்கமில்லை. கருவியின் விஷயத்திலும் இதே பிளவு இருந்தது, இருக்கிறது என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறோம்.

காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் சாவுக்குப் பறையடிப்பதை நிறுத்தச் சொல்லிப் போராடினார். பிற்காலத்தில் அவர் தலைமையில் அமைந்த தீண்டாமை பற்றிய நாடு தழுவிய குழு 1969இல் அறிக்கை தந்தபோது, அது ஏட்டறிவில் எழுதிய அறிக்கையாக இல்லாமல் போனதற்கு இந்த அனுபவமும் காரணம். அம்பேத்கர் நூற்றாண்டான 1991ஐ ஒட்டித் தமிழகமெங்கும் எழுந்த தலித் எழுச்சியிலும் பறையடிக்க மறுப்பது முக்கியமான போராட்ட வடிவம். மறுத்த இடங்களில் தண்ணீர், பால், கூலி வேலை, மளிகைக் கடை என்று எல்லாம் நிறுத்தப்பட்டன. பறையை உடைத்தவர்களும் எரித்தவர்களும் உண்டு.

இந்த மறுப்பும் பறையின் மரபுதான் என்பது எங்கள் கருத்து. அருங்காட்சியகத்தில் பறையை மாட்டிவைத்து அதன் கீழே "பழங்காலத் தமிழர் இசைக்கருவி" என்று எழுதும்போது, அதை எரித்தவரின் கதையும் அங்கே எழுதப்பட வேண்டும். இல்லையென்றால் அது பாதிப் பறை.

சட்டத்தைப் பற்றியும் இங்கேயே ஒரு சொல். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவு, துப்புரவு செய்யவோ, செத்த விலங்கை அகற்றவோ, தோலுரிக்கவோ, அதுபோன்ற பிற வேலைகளைச் செய்யவோ தீண்டாமையின் பேரில் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. பறையடித்தல் என்ற சொல் அதில் இல்லை. "அதுபோன்ற பிற வேலை" என்பதில் அது அடங்கும் என்று வாதிட இடம் இருக்கிறது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கட்டாய வேலை வாங்குவது தனிக்குற்றம். ஊரில் யாராவது "இந்த எழவுக்கு அடிக்க மாட்டோம்" என்று சொல்லி நெருக்கடிக்கு ஆளானால், பறைப் பயிற்சிக் குழுக்களும் அவர்களோடு போய்க் காவல் நிலையத்தில் நிற்க வேண்டும். பறையைக் காக்கும் வேலையில் இதுவும் அடங்கும்.

மீட்டவர்கள்

மறுத்த தலைமுறைக்குள்ளிருந்தே மீட்டவர்களும் வந்தார்கள். 1990களில் மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் தலித் கலை விழாக்களை நடத்தியது. எழவு வீட்டு வாசலில் குனிந்து அடித்த கருவி அங்கே மேடையில் நிமிர்ந்து அடிக்கப்பட்டது. அதே கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்று நம்மில் பலரும் அறிந்தவர், நாட்டுப்புற மெட்டுகளை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். கே.ஏ. குணசேகரன் பாடகராகவும் ஆய்வாளராகவும் நாட்டுப்புறக் கலைகளைப் பல்கலைக்கழகத்துக்குள் இழுத்துப் போனார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் முன்முயற்சியில் உருவான சக்தி கலைக்குழு தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. இதன் கனத்தை உணர ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சாவு வீட்டில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது ஒப்பாரியும் மாரடிப்பும். பறை ஆணுக்கு. தீட்டு என்ற சொல் இரண்டு வகையில் சுமத்தப்பட்ட பெண்கள் அந்தத் தோலைத் தொட்டு அடித்தது, பழையதைக் காப்பது என்ற சொல்லுக்குள் அடங்காது. அது புதிதாக ஒன்றை உண்டாக்கியது. அமெரிக்க இசை ஆய்வாளர் சோ ஷெரினியன் இந்தக் குழுவைப் பற்றியும், முனைவென்றி பறைக் கலைஞர்களைப் பற்றியும் ஆவணப்படங்கள் எடுத்திருக்கிறார். மாணவர்கள் தேடிப் பார்க்கலாம்.

2025 சனவரியில் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறைக்காக ஒருவரின் பெயர் அந்தப் பட்டியலில் வந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. விருது வந்ததும் "இனி பறைக்கு இழிவு இல்லை" என்று முகநூலில் எழுதினார்களே, அதுதான் கொஞ்சம் அவசரம்.

நம் பக்கத்துக்கு வருவோம். குமரலிங்கத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் சங்கர் 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மீறித் திருமணம் செய்தது அவர் செய்த குற்றம். அவர் துணைவி கௌசல்யா பிழைத்தார், வழக்கில் உறுதியாக நின்றார், பிறகு பறை கற்று மேடைகளில் அடித்தார். ஆதிக்கச் சாதியாகத் தன்னை எண்ணும் ஒரு குடும்பத்தில் பிறந்த பெண் பறைக்குச்சியைக் கையில் எடுத்தது இந்தப் பகுதியில் என்ன பொருள் கொண்டது என்பதை வெளியூர்க்காரருக்கு விளக்குவது கடினம். சாவுச் சேதி சொல்ல அடித்த கருவி, இந்த மண்ணில், ஒரு கொலையைக் கேள்வி கேட்கும் கருவியானது.

கருவியை அறிதல்

துணை நிற்கிறவர்கள் குறைந்தபட்சம் கருவியையாவது தெரிந்துகொள்ள வேண்டும். பறையின் வட்டச் சட்டம் ஒரே மரத்தில் குடைவதில்லை. மூன்று வளைந்த மரத்துண்டுகளை இழைத்து, பொருத்துகளில் இரும்புப் பட்டை வைத்து இறுக்குகிறார்கள். பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் சட்டத்தில் ஒட்டி இழுத்துக் கட்டுகிறார்கள். வலக்கையில் தடித்துக் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்து நீண்ட மூங்கில் சிம்புக்குச்சி. தோலை நெருப்பில் காட்டிக் காய்ச்சினால்தான் குரல் எழும். எவ்வளவு காய்ச்சுவது என்பது எந்த நூலிலும் இல்லை. விரலால் தட்டிக் கேட்கும் காதில் இருக்கிறது. கொஞ்சம் கூடினால் தோல் கிழியும், குறைந்தால் சத்தம் மந்தமாகும். மழை நாளில் கணக்கு வேறு.

அடிகளுக்குப் பெயர்கள் உண்டு. சப்பரத்து அடி, பாடம் அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி, ஒத்தையடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி. டப்பா அடி, ஜாயிண்ட் அடி, சினிமா அடி என்றும் உண்டு. பறையின் 'தூய' வடிவத்தைத் தேடி வருகிறவர்களுக்கு இந்தக் கடைசி மூன்று பெயர்கள் சங்கடம் தரும். எங்களுக்கு மகிழ்ச்சி தருகின்றன. ஊருக்கு சினிமா வந்தபோது பறை அதையும் கேட்டு வாங்கித் தன்னுடையதாக்கிக்கொண்டது. உயிரோடு இருக்கும் கலை அப்படித்தான் செய்யும். பதிவு செய்யப் போகிறவர்கள் "பழைய அடி மட்டும் போதும்" என்று ஆசானிடம் சொல்லாதீர்கள்.

அடியின் பெயரோடு அதன் இடத்தையும் எழுத வேண்டும். சாமிச்சாட்டு அடி என்பது நோம்பி சாட்டியாயிற்று என்ற அறிவிப்பு. மருள் அடி சாமி இறங்க அடிப்பது. இவற்றைக் கல்லூரி ஆண்டு விழாவில் எட்டு நிமிட நடனத்துக்குள் வரிசையாக அடுக்கும்போது எல்லாம் ஒரே வேகமான தாளமாகிவிடுகிறது. அதைப் பார்க்கிறவருக்குப் பறை என்றால் துள்ளல் என்று மட்டும் மனத்தில் நிற்கும். மெதுவான அடிகள்தான் முதலில் காணாமல் போகின்றன. அவற்றைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும்.

செய்கிறவரைப் பற்றியும் பேச வேண்டும். அடிக்கக் கற்றுக்கொள்ள வருகிற இளைஞர்கள் நிறைய. தோல் பதப்படுத்தவோ சட்டம் இழைக்கவோ கற்றுக்கொள்ள வருகிறவர் இல்லை. நாற்றமெடுக்கும் வேலை, இழிவு ஒட்டியிருக்கும் வேலை. கடையில் பைபர் முகப்பு வைத்த பறை கிடைக்கிறது. நெருப்பு வேண்டாம், மழைக்கும் கவலை இல்லை. பேரணிக்குப் போகிற குழு அதை வாங்குவதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் தோல் பறை செய்யத் தெரிந்த கடைசிக் கை நம் வட்டாரத்தில் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு குழுவும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு பறையாவது அவரிடம் வாங்க வேண்டும். டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டு விழாவுக்கு 2020இல் கலாக்ஷேத்ரா முதலில் கொடுத்த அரங்க அனுமதியைத் திரும்பப் பெற்றது. வாசித்தவரின் பெயரை நூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த உலகம், மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியவரின் பெயரைக் கேட்டதும் எப்படிக் கலங்குகிறது என்பதற்கு அது சான்று. பறையில் அந்தப் பிழையை நாமே செய்யக்கூடாது.

அலபாமாவில் ஒரு வளைவு

தொலைவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. துணி வெட்டும் ஊர்க்காரர்களான நமக்கு இது புரியும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் ஆற்று வளைவுக்குள் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊர் இருக்கிறது. பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள். கிழிந்த வேலைச் சட்டை, மாவு மூட்டைத் துணி, மிச்சத் துண்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துப் போர்வை செய்தார்கள். குளிருக்குத்தான் செய்தார்கள். நம் வீடுகளில் பழம்புடவையையும் கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்துத் தைப்பது போலத்தான், ஆனால் அவர்கள் வண்ணங்களைச் சேர்த்த விதம் யாரும் பார்த்திராதது. வாக்காளராகப் பதிவு செய்ய அந்த மக்கள் ஆற்றைக் கடந்து போனபோது, 1962இல் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. 2006இல்தான் திரும்ப வந்தது. 1966இல் பெண்கள் கூட்டுறவு ஒன்று தொடங்கிப் போர்வைகளை விற்றார்கள். 2002இல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்திலும் அதன்பின் நியூயார்க்கிலும் அந்தப் போர்வைகள் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலையாக வெளியிட்டது.

அடுத்த ஆண்டே வழக்கு வந்தது. போர்வை தைத்த மூன்று பெண்கள், தங்கள் படைப்புகளிலிருந்து வந்த பணத்தில் தங்களுக்குரியது கிடைக்கவில்லை என்று, அவற்றைச் சேகரித்து உலகுக்குக் காட்டிய குடும்பத்தின் மீது நீதிமன்றம் போனார்கள். 2008இல் சமரசமாக முடிந்தது. அந்தச் சேகரிப்பாளர்களைத் திருடர் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் இல்லை. புகழ் வந்த பிறகு கணக்குப் போட உட்கார்ந்தால் எல்லோருக்கும் வலிக்கும் என்பதுதான் அதில் நாம் பார்க்க வேண்டியது. பெயர், பணம், படத்தின் உரிமை இவற்றை முதல் நாளே எழுதிக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பதிவின் கதை உண்டு. 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையை ஒலிநாடாக்களில் பதிவு செய்தார். பல இரவுகள் நீண்ட பாட்டு அது. பிறகு அது நூலாக வந்தது, படக்கதையாகவும் வந்தது. அந்த உழைப்பு இல்லையென்றால் அந்தப் பாட்டின் அந்த வடிவம் இன்று இல்லை. அந்தக் கதையில் சாம்புவன் வருகிறான், நாயகர்களோடு நின்ற சேரி வீரன். வீரப்பூர் திருவிழாவில் சாம்புவன் பேரில் முரசு முன்னே கொட்டிப் போகும். கதைக்குள் முரசு கொட்டியவனுக்குப் பெயர் இருக்கிறது. அதே 1965இல் நம் ஊர்களில் பறையடித்தவர் யார் என்பதை நம் பாட்டிமார்களிடம் போய்த்தான் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.

பதிவு செய்யப் போகிறவர்களுக்கு

கைப்பேசி எல்லோரிடமும் இருப்பதால் பதிவு எளிதாகிவிட்டது. அதனாலேயே தவறும் எளிது. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநருக்கு ஒரு தனி உரிமை தருகிறது. அது நிகழ்த்திய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகளுக்கு நிற்கும். நிகழ்த்துநர் என்ற சொல்லின் விளக்கத்தில் இசைக்கலைஞர், ஆடுபவர் மட்டுமல்ல, கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் கூட வருகிறார்கள். ஆகவே பறையடிப்பவர் கட்டாயம் வருகிறார். அவர் இசைவில்லாமல் ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்து பரப்ப முடியாது. 2012 திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது. நிகழ்த்தியவர் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கலாம், தன் பெயருக்குக் கேடு வரும்படி நிகழ்ச்சியைத் திரித்தால் தடுக்கலாம்.

ஓட்டையும் இருக்கிறது. பொதுவான மரபு அடிக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது. ஒருவர் அடித்த அந்த நிகழ்ச்சிக்குத்தான் பாதுகாப்பு. திரைப்படத்தில் தற்செயலாகவோ துணையாகவோ தோன்றி, தொழில் வழக்கப்படி பெயர்ப் பட்டியலில் பெயர் போடப்படாதவர் பெரும்பாலான உரிமைகளுக்கு நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார் என்று சட்டமே சொல்கிறது. எழவுக் காட்சிக்கு ஒரு நாள் கூலிக்குப் போய்ப் பறையடித்துவிட்டு வரும் நம் ஆட்கள் விழுகிற குழி இதுதான். போகும் முன் "பெயர் போடுவீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். குழுவாகக் கேட்டால் பயம் குறையும்.

அரசுப் பக்கம் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. உறுப்பினர் அட்டை எடுப்பது, புதுப்பிப்பது, ஓய்வூதியத்துக்கு மனுப் போடுவது என்று இதில் ஓடியாட ஆள் வேண்டும். ஆசான்களுக்கு எழுத்து வராது அல்லது அலுவலக வாசல் கசக்கும். ஒரு மாணவர் ஒரு ஆசானுக்கு இந்த வேலையை முடித்துக்கொடுத்தால், பத்துப் பறை நிகழ்ச்சிக்குக் கைதட்டியதைவிட மேல். இதைச் செய்ய யாரும் முன்வராதது ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. ஒருவேளை அதைப் படம் எடுத்துப் போட முடியாது என்பதாலோ என்னவோ.

பயிற்சி நேரம் பற்றி ஒன்று. உடுமலை, மடத்துக்குளம் பக்கத்துப் பிள்ளைகள் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு வீடு வருகிறவரிடம் தினமும் பயிற்சிக்கு வா என்று சொல்ல முடியாது. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓய்வு. ஆர்டர் நெருக்கம் வந்தால் அந்த ஞாயிறும் போகும். கல்லூரி மாணவர்களின் வசதிக்கு வார நாள் மாலையில் பயிற்சி வைத்தால், கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வெளியாட்களாகவும் கற்றுக்கொடுக்கிறவர் மட்டும் நம்மவராகவும் ஆகிவிடுவார்கள். சில ஆண்டுகளில் கற்றவர்கள் ஆசான் ஆவார்கள், ஆசானின் பேரன் ஓவர்லாக் மிஷினில் இருப்பான். இது யாரும் திட்டமிட்டு நடப்பதில்லை, நேரத்தை வைத்த விதத்தில் நடந்துவிடுகிறது. ஆகவே பயிற்சி நேரத்தை வளவுப் பிள்ளைகளின் ஷிப்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆசானுக்கு மரியாதை நிமித்தம் துண்டு போடுவதோடு நிறுத்தாமல், அவர் இழக்கும் நாள் கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

எல்லோரும் பறை கற்கலாமா என்றும் கேட்கிறார்கள். கற்கலாம். பறை தமிழர் எல்லோருக்கும் பொது என்ற முழக்கத்தில் எங்களுக்கு மனத்தாங்கல் இருப்பது ஒரே இடத்தில்தான். அது பொது என்றால் இழிவும் பொதுவாக இருந்திருக்க வேண்டும். இழிவை ஒரு பக்கம் சுமந்துகொண்டிருந்தபோது வராத உறவு, கைதட்டல் வரும்போது வருகிறது. கற்க வருகிற பிற சாதி மாணவர், தன் ஊரில் எழவுக்குப் பறையடிப்பவர் யார், அவர் எந்த டம்ளரில் தேநீர் குடிக்கிறார் என்று கேட்டுவிட்டு வரட்டும். அதன் பிறகு குச்சியை எடுக்கட்டும்.

நமக்குள்ளும் ஒரு பேச்சு இருக்கிறது, அதை மூடி மறைக்க வேண்டாம். பெயரை வைத்துப் பறை பறையருக்கே என்று சொல்வோர் உண்டு. கொங்கில் தலைமுறை தலைமுறையாகத் தோலைக் கையாண்டு, தப்பட்டை என்று சொல்லி அடித்து வந்த அருந்ததியரின் உழைப்பு அந்தப் பேச்சில் காணாமல் போகிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது எழுந்த மனவருத்தங்கள் இன்னும் சில மேடைகளில் ஒலிக்கின்றன. 2024 ஆகத்தில் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது. பறை மேடையை அந்தச் சண்டைக்கு இடமாக்கக் கூடாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் யார் அடித்தார்களோ, யார் செய்தார்களோ, அவர்கள் பெயரையும் அவர்கள் அந்தக் கருவிக்கு வைத்த பெயரையும் அப்படியே எழுதினால் போதும். மதுரைப் பக்கத்துச் சொல்லை எடுத்து வந்து இங்கே திணிக்கவும் தேவையில்லை.

கடைசியாக, பதிவுக்குப் போகும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆசானின் பெயர், ஊர், கற்றது யாரிடம், பறை செய்தது யார், இந்தப் பதிவை யார் யாருக்குக் காட்டலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ வாங்குங்கள். பதிவின் ஒரு படியை ஒரு பென் டிரைவில் போட்டு அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். அந்தத் தாளில் இன்னொரு கேள்வியும் இருக்கட்டும்: "எந்த அடியைப் பதிவு செய்ய வேண்டாம்?" சிலர் சிரிப்பார்கள். சிலர் எழவு அடியைச் சொல்வார்கள், "அதய மட்டும் உட்ருங்க கண்ணு" என்பார்கள். அப்படிச் சொன்னால் கேமராவை அணைத்துவிடுங்கள். தாளில் அந்த இடத்தில் அவர் சொன்னதை மட்டும் எழுதி, தேதியைப் போட்டு வையுங்கள்.